கும்பிட்டு விழுந்த நரி

மூங்கிலோடைக் காட்டில் சாம்பன் என்ற நரியும் அவன் மனைவி கோரையும் வாழ்ந்து வந்தார்கள். அந்தக் காட்டில் யாருக்கும் நரிகளைப் பிடிக்காது. அவர்கள் தண்ணீர் குடிக்கப் போனால் மான்கள் விலகிப் போகும். யார் கூட்டில் முட்டை காணாமல் போனாலும் பழி இவர்கள் மேல்தான் விழும். இருவரும் ஓரமாக வந்து ஓரமாகவே போகப் பழகியிருந்தார்கள்.

காட்டின் எல்லையில் ஒரு வனத்துறை பங்களா இருந்தது. சாயங்காலம் ஆனால் வாட்சரின் மகள் டிவியில் ஒரு பொம்மைப் படம் போடுவாள். தினமும் அதே படம்தான். மிகப் பழைய படம். அதில் ஒரு நரி கோழிக்கூண்டைத் திறக்கப் படாத பாடுபடும். கதவு திறந்து அதன் மூஞ்சியிலேயே அடிக்கும். இரும்புச் சட்டி தலையில் விழுந்து தோசை போலத் தட்டையாகும். கடைசியில் கூரையேறி வழுக்கி, ஓட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கும். தொங்கியபடியே நம்மைத் திரும்பிப் பார்க்கும். பிடியை விட்டு, இரண்டு கைகளையும் கூப்பி ஒரு கும்பிடு போடும். அப்புறம்தான் விழும். திரை இருண்டு மறுபடி வெளுக்கும்போது வாலைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்.

ஜன்னலுக்கு வெளியே காடே உட்கார்ந்து பார்க்கும். படம் முடிந்ததும் பேச்சு தொடங்கும்.

"சட்டி விழுற இடத்தை அடிச்சுக்க முடியாது," என்றது காட்டுப்பன்றி. "அந்தச் சத்தத்துக்காகவே தினம் வரேன்."

"சட்டி சின்னப் பிள்ளைங்களுக்கு," என்றது இருவாச்சிப் பறவை. "கும்பிடு போடறான் பாரு, அதுதான் கலை. விழுறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்துறானே, எவனுக்கு வரும் அது?"

"பேசாமலே சிரிக்க வைக்கிறான். இப்ப வர்ற படமெல்லாம் ஒரே கத்தல்," என்றது மந்தி. அது இந்த ஒரு படத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

யானை தயங்கித் தயங்கிக் கேட்டது. "எனக்கு ஒரு சந்தேகம். அவனுக்கு வலிக்காதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியண்ணே, உங்களுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு ரசனை வளரலையே," என்றது மந்தி. "அடுத்த நிமிஷமே எழுந்துக்கிறான். அப்புறம் என்ன வலி?"

யானைக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு அது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒரு நாள் படம் முடிந்து திரும்பும்போது சாம்பன் வேர் தடுக்கி உருண்டான். ஓடைக் கற்களில் முட்டி சிராய்ந்து ரத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே அத்தனை பேரும் நின்றார்கள்.

"அடேய், நம்ம படத்து நரி!" என்றது பன்றி.

எல்லாரும் சிரித்தார்கள். அதில் வெறுப்பு இல்லை. இத்தனை கண்கள் அவனை அன்பாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாம்பனுக்கு என்ன தோன்றியதோ, வலியை விழுங்கிக்கொண்டு கைகூப்பி ஒரு கும்பிடு போட்டான். காடு குலுங்கிச் சிரித்தது.

மறுநாளிலிருந்து மான்கள் விலகவில்லை. "எங்கே, இன்னொரு தடவை விழுந்து காட்டு" என்று வழியில் நிறுத்திக் கேட்டார்கள். மந்தி மரத்திலிருந்து விளாங்காயை அவன் தலையில் போட்டது. "வலிக்குதாப்பா?" என்று கேட்டது. "சேச்சே, அதெல்லாம் இல்லை," என்றான் சாம்பன்.

பொழுது சாய்ந்து குகைக்கு வந்தால் கோரைதான் அவன் காயங்களை நக்கிக் கொடுப்பாள்.

"ஏங்க, விலா எலும்பு அசையுது. போதும், விட்டுடுங்க."

"இன்னிக்கு ஒரு மான் என் பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சுது கோரை. என் பக்கத்துல."

மறுநாள் கோரை தானே கிளம்பினாள். மந்தியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "அவருக்கு நிஜமாவே வலிக்குது. விளாங்காய் போடாதீங்க."

"மதினி, நீங்களும் நல்லாத்தான் நடிக்கிறீங்க," என்றது மந்தி.

சாம்பன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் சிலருக்குப் போதவில்லை. "போன தடவை விழுந்தது இதைவிட நல்லா இருந்துச்சு," என்றது பன்றி. அதைக் கேட்டு அடுத்த முறை இன்னும் உயரமான பாறையில் ஏறினான்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவன் நடிக்கவில்லை. பசித்த கோரைக்காக ஓர் எலியைத் துரத்திக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் ஓடினான். அங்கே தண்ணீர் வற்றிய பாழுங்கிணறு ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் ஊறிப்போயிருந்த மண் அவன் காலடியில் சரிந்தது. விழும்போது அத்திவேர் ஒன்று கையில் சிக்கியது. முன்னங்கால்களால் அதைப் பிடித்துத் தொங்கினான். அடியில் வெறும் பாறை.

பின்னாலேயே வந்த கோரை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எட்டவில்லை. ஓடினாள்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. அவர் கிணத்துல தொங்குறாரு. உங்க தும்பிக்கை எட்டும்."

யானை உடனே கிளம்பி வந்தது. அதன் பின்னாலேயே காடும் வந்தது.

"கிணறா? இது புதுசா இருக்கே," என்றது பன்றி. எல்லாரும் கிணற்றைச் சுற்றி வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஓட்டைப் பிடிச்சுத் தொங்குவானே, அதே மாதிரி வேரைப் பிடிச்சிருக்கான் பாரு."

"காலை உதறுறது கொஞ்சம் ஜாஸ்தி."

"கண்ணுல தண்ணி வேற வருது. படத்துல அது கிடையாதே."

"அதான் நல்லா இருக்கு," என்றது இருவாச்சி.

"வலிக்குது," என்று சாம்பன் அலறினான். "நிஜமா வலிக்குது. தூக்குங்க."

அதற்குத்தான் சிரிப்பு அதிகம். படத்து நரி ஒருநாளும் பேசியதில்லை.

யானை தும்பிக்கையை இறக்கியது. மந்தி தாவி அதன் காதைப் பிடித்தது. "என்ன பண்றீங்க பெரியண்ணே? கும்பிடு இன்னும் வரலையே. நடுவுல புகுந்து கெடுத்தா காடே உங்களைப் பத்திப் பேசும்."

யானைக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தும்பிக்கை பாதியில் நின்றது.

கோரை அதன் காலில் விழுந்தாள். "இது படம் இல்லண்ணே. கீழ பாறை இருக்கு."

"தெரியும் தங்கச்சி," என்றது யானை கனிவாக. "ஒரே ஒரு கும்பிடு. அது ஆனதும் தூக்கிடறேன். சாம்பா, சீக்கிரம் போட்டுடுப்பா."

சாம்பன் அந்தத் தும்பிக்கையைப் பார்த்தான். கொஞ்ச தூரம்தான் பாக்கி. கும்பிட்டால்தான் அது இறங்கும் என்று அவனுக்குப் புரிந்தது. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். எல்லாமே அவனை விரும்பும் முகங்கள்.

"விடாதீங்க," என்று கத்தினாள் கோரை.

அவன் கைகளைக் கூப்பினான். அந்த ஒரு தடவை அவன் நடிக்கவில்லை, கெஞ்சினான்.

கீழே கேட்ட சத்தம் சட்டி விழும் சத்தம் போல இல்லை.

"இதுதான்டா கும்பிடு!" என்று இருவாச்சி சிறகடித்தது. எல்லாரும் தரையை உதைத்து ஆரவாரம் செய்தார்கள். பிறகு அமைதியானார்கள். நரி எழும்வரை சத்தம் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"இப்ப எழுந்திருப்பான் பாரு," என்றது பன்றி.

வெயில் கிணற்றுக்குள் இறங்கியது. சாம்பன் கிடந்த இடத்தைத் தொட்டுவிட்டு மெதுவாக விலகியது.

"ரொம்ப இழுக்குறான்."

"ஆமா, முடிவுதான் கொஞ்சம் தொய்வு."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யானை மட்டும் போகவில்லை. தும்பிக்கையை எவ்வளவு நீட்டியும் அடிவரை எட்டவில்லை. கோரை வாய்விட்டு அழவில்லை. அழும் சத்தம் கேட்டால் அதையும் பார்க்க யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்தாள்.

சாயங்காலம் ஆனது. பங்களாவில் படம் தொடங்கியது. ஓட்டிலிருந்து விழுந்த நரி வாலைத் தட்டிக்கொண்டு எழுந்தது. காடு சிரித்த சிரிப்பு கிணற்றடிவரை கேட்டது.

அடுத்தவர் விழுவதை ரசித்துப் பழகிய கண்ணுக்கு, அவர் உயிருக்காகக் கூப்பும் கையும் வேடிக்கையாகவே தெரியும்.