எலி வருஷத்தில் பிறந்தவர்

முத்தலைத்துறையை ஆண்ட செண்பக வழுதி மகாராஜாவுக்கு நாளையைப் பற்றித்தான் ஓயாத கவலை. இன்றையைக் கவனிக்க ஆள் வைத்திருந்தார். அந்த ஆள்தான் துறைமுக அதிகாரி ஆபத்சகாயம். மீன் கூடைக்குத் தரகு பேசிப் பேசியே சபை வரைக்கும் ஏறி வந்தவர். படித்தது கொஞ்சம், பட்டது நிறைய. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அந்தக் கோபத்தையும் நல்ல விலைக்கு விற்றுவிடுவார் என்று ஊரில் பேச்சு.

அந்தத் தை மாதம் சீனக் கப்பல் வந்து நின்றது. பீங்கானுக்கு விலை பேச ஆபத்சகாயம் ஏறிப் போனார். கப்பல் முழுக்கச் சிவப்பு விளக்கு, வெடிச் சத்தம். இன்று வியாபாரம் இல்லை என்று சொல்லி, கப்பல் தலைவன் லின் அவர் வாயில் ஒரு இனிப்பைத் திணித்துத் திருப்பி அனுப்பிவிட்டான். பேரம் பேசும் வாயை இனிப்பால் அடைத்துவிட்டானே என்று அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அதே கப்பலில் சமையல் செய்து திரும்பிய உள்ளூர்க்காரன் ஏகாம்பரம். கரையில் கால் வைத்ததும் சீன ஜோசியனாகிவிட்டான். கையில் ஒரு பட்டுத் துணி, அதில் பன்னிரண்டு மிருகங்கள். வருஷத்துக்கு ஒன்று. பிறந்த வருஷத்து மிருகம்தான் அவரவர் தலையெழுத்தாம். வருகிற சித்திரையில் பிறப்பது குதிரை வருஷமாம்.

அவனைச் சபைக்குக் கூட்டி வந்தவர் பிரதானி வேதாரணியம். பிரதானிக்கு ஒரு மைத்துனர். மைத்துனருக்கு வேலை இல்லை. பிரதானிக்குத் துறைமுகத்தின்மேல் கண்.

ஏகாம்பரம் பலன் சொன்னான். மகாராஜா பிறந்தது பன்றி வருஷம். அப்படிச் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா? வராகம் என்றான். பெருமாள் எடுத்த அவதாரம் அல்லவா என்று மகாராஜா உருகிப்போனார். பிரதானி புலி. ஆபத்சகாயத்தின் முறை வந்தது. எலி என்றான். வெறும் எலி. எலிக்கும் குதிரைக்கும் ஆகாது, குதிரை வருஷத்தில் எலி ஊருக்குள் இருந்தால் சிம்மாசனம் ஆடும், ஆகையால் அந்த வருஷம் முழுக்க எலி ஆற்றுக்கு அக்கரையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். துறைமுகத்தை என் மைத்துனர் பார்த்துக்கொள்வார் என்று பிரதானி பெரிய மனதோடு முன்வந்தார். மகாராஜா பயந்துபோய்த் தலையாட்டினார்.

ஆபத்சகாயத்துக்கு ரத்தம் கொதித்தது. கூடை கூடையாகச் சேர்த்த வாழ்வை ஒரு சமையல்காரன் துணி விரித்துக் கவிழ்க்கிறான். குடுமியைப் பிடித்து இழுத்துப் போகக் கை துடித்தது. ஆனால் சந்தையில் முதலில் கத்துகிறவன்தான் அதிக விலை கொடுப்பான். அதனால் எழுந்து கும்பிட்டார்.

"போகிறேன், மகாராஜா. ஆனால் எலி வருஷத்தில் பிறந்த இன்னொருவர் இங்கேயே தங்கிவிட்டால் நான் போயும் பலனில்லையே."

"யாராக இருந்தாலும் அக்கரைதான்" என்றார் பிரதானி.

"பெரிய இடம் என்றால் சலுகை கொடுப்பீர்கள்."

"யாராக இருந்தாலும் என்றேனே, ஓய். தாட்சண்யமே கிடையாது."

மகாராஜா அதையே ஆணையாக்கினார். ஆபத்சகாயம் சாவதானமாக இன்னொன்று கேட்டார். வருஷக் கணக்கு யாருடையது, நம்முடையதா, சீனத்துடையதா?

பிரதானிக்குச் சிரிப்பு வந்தது. "சீனத்துப் பலனுக்குச் சீனக் கணக்குதான். கருவாட்டை நகைக்கடைத் தராசிலா நிறுப்பார்கள்?"

உடனே துறைமுகத்துக்கு ஆள் போயிற்று. லின் வந்து நின்றான். வருஷா வருஷம் வந்து போகிறவன், சந்தைத் தமிழ் பேசுவான். உங்கள் குதிரை வருஷம் எப்போது பிறக்கும் என்று ஆபத்சகாயம் கேட்டார்.

"பிறந்தாச்சே. நீ பீங்கானுக்குச் சண்டை போட வந்தாய், நான் இனிப்புக் கொடுத்தேன். அன்றைக்குத்தான்."

ஏகாம்பரம் துணியைச் சுருட்ட ஆரம்பித்தான். அந்தப் பண்டிகைக்குச் சமைத்தவனே அவன்தான். ஆனாலும் சித்திரை பிறக்காமல் ஒரு வருஷம் பிறக்க முடியும் என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. மிருகங்களைச் சீனாவிலிருந்து கொண்டுவந்து நம் சித்திரையில் கட்டிவிட்டான்.

மகாராஜா பிறந்தது மாசி மகத்தில். ஊரே கடலாடிக் கொண்டாடும் நாள். இளவரசர் பிறந்ததற்கு ஊற்றிய பாயசத்தை வயிற்றுப் பிள்ளையோடு வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவள் ஆபத்சகாயத்தின் தாய். அந்தப் பிள்ளை அடுத்த வைகாசியில் பிறந்தது. இடையில் சித்திரை வந்ததால் நம் கணக்கில் இருவருக்கும் வேறு வேறு வருஷம். சீனக் கணக்கில் எப்படி என்று ஆபத்சகாயம் லின்னைக் கேட்டார்.

லின் விரல்விட்டுப் பார்த்தான். "எங்கள் வருஷம் மாசி மகத்துக்கு முன்னாலேயே பிறந்துவிடும். மாசிப் பிள்ளை, வைகாசிப் பிள்ளை, ஒரே வருஷம். இரண்டும் எலி."

சபை மொத்தமும் சிம்மாசனத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அக்கரையில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லையே என்று கலங்கிப் போயிருந்தேன், மகாராஜா" என்றார் ஆபத்சகாயம். "பல்லக்குக்குச் சொல்லட்டுமா? சிம்மாசனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரதானிக்கு மைத்துனர்கள் இருக்கிறார்கள்."

ஏகாம்பரம் ஓடி வந்து காலில் விழுந்தான். அது எலி இல்லை மகாராஜா, மூஷிகம், பிள்ளையாரையே சுமக்கும் வாகனம் என்று அலறினான்.

"எனக்கு எலி, மகாராஜாவுக்கு மூஷிகமா? ஒரே கடையில் ஒரே சரக்குக்கு இரண்டு விலை சொல்லாதே, அப்பா."

மகாராஜாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கிரீடம் சரியச் சிரித்தார். ஆணையை அந்த இடத்திலேயே ரத்து செய்தார், ஏகாம்பரத்தை அரண்மனை அடுப்பங்கரைக்கு அனுப்பினார். ஆனாலும் நாளைக் கவலை அவரை விடவில்லை. குதிரை வருஷத்தால் யாருக்குமே கேடில்லையா என்று கேட்டார்.

"ஒருவருக்கு உண்டு, மகாராஜா. துறைமுகம் தன் கைக்கு வந்துவிடும் என்று நம்பி, ஏறிப் போக முந்தாநாளே என் துறைமுகத்தில் அரபுக் குதிரை வாங்கிவிட்டார் பிரதானியின் மைத்துனர். வேலை இல்லாதவர் அதற்குக் கொள்ளு எப்படி வைப்பார், பாவம்."

மகாராஜா பிரதானியை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் குதிரையை ஆபத்சகாயத்தின் வீட்டில் கட்டுங்கள், வருஷம் முழுக்கக் கொள்ளு பிரதானி வீட்டிலிருந்து போகட்டும் என்று உத்தரவிட்டார். பிறகு கண்ணைச் சிமிட்டினார்.

"எலிக்கும் குதிரைக்கும் ஆகாது என்றானே. உனக்குச் சம்மதமா?"

"குதிரைக்குச் சம்மதம் என்றால் எனக்கென்ன, மகாராஜா" என்றார் ஆபத்சகாயம். "கொள்ளோடு புல்லும் சேர்த்துத்தானே?"