ஆட்சேபணை இல்லை

சித்தம்மாவின் சீடர்களில் வயதில் மூத்தவர் திருமேனி. அவருக்கு ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பத்து மூன்று.

குயில்மட்டத்துக்கும் சோலைக்கோடு டவுனுக்கும் நடுவே ஓடுகிற ஒரே மினிபஸ் திருமேனியுடையது. ஓட்டுவதும் அவரே. மலையில் கடைசி ஊர் குயில்மட்டம். காலை ஆறு மணிக்கு அங்கிருந்து முதல் பஸ் கிளம்பும்.

ஒரு காலத்தில் அவர் பெரிய கோபக்காரர். எதிரே வந்த லாரிக்காரனின் சட்டையைக் கிழித்துவிட்டு, அன்று மாலையே வெட்கத்தோடு சித்தம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். ஊர்க்கோடியில் தகரம் வேய்ந்த ஒற்றை அறைதான் குருவின் இருப்பிடம்.

"கோபம் வந்தா அதைக் கவனிங்க," என்றார் சித்தம்மா.

ஆறு வருடமாகக் கவனித்துவந்தார்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை மாலை அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். சித்தம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சேதி. போன சனிக்கிழமை டவுன் போக்குவரத்து ஆபீஸ்ல கூப்பிட்டு, ஆறு மணி பஸ்ஸை நிறுத்தச் சொல்லிட்டாங்க. பனிக்காலம் முடியற வரைக்கும் காலையில எட்டு மணிக்கு முன்னாடி மேல் ரோட்டுல பஸ் ஓடக் கூடாதாம். பனி உறைஞ்சு வழுக்குதாம்."

"வழுக்குதா?"

"பன்னெண்டாவது வளைவுல மட்டும். வருஷா வருஷம் உள்ளதுதான். டீ ஃபேக்டரி சாம்பலைக் கொட்டிட்டு மெதுவா இறக்குவேன். இத்தனை வருஷத்துல வண்டியில ஒரு கீறல் இல்லை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. அதான் சேதியே. உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டு வந்துச்சு. கவனிச்சேன். மூச்சைப் பார்த்தேன். அப்படியே அடங்கிருச்சு. சிரிச்ச முகமா கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

"எதுல கையெழுத்து?"

"ஆட்சேபணை இல்லைன்னு ஒரு தாள்ல."

சித்தம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த பஸ்ல யார் யார் போவாங்க?"

"கேரட் கழுவப் போற பொம்பளைங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. அப்புறம் பூங்காவனம். திங்களும் வியாழனும் பெரியாஸ்பத்திரிக்கு, டயாலிசிஸ் பண்ண."

"பஸ் நின்னு நாலு நாளாச்சு. திங்கக்கிழமை பூங்காவனம் எப்படிப் போனா?"

இந்த நாலு நாளும் திருமேனி ஏழு மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தார்.

"தெரியலையேம்மா. ஏதாவது பண்ணியிருப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரு வழி..."

"எந்திரி," என்றார் சித்தம்மா.

அவர் திருமேனியை ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

"நாளைக்கு வியாழன். காலையில அஞ்சு மணிக்கு மாரப்பன் வீட்டு வாசல்ல வந்து நில்லு. வண்டி எடுக்காதே. நடந்து வா."

மாரப்பன் பூங்காவனத்தின் புருஷன். மறுநாள் திருமேனி போனபோது அவன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பூங்காவனம் அவன் முதுகில் ஏறிக்கொண்டாள். அவள் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், சாக்குத்துணி சுற்றியிருந்தன. கேரட் கழுவுகிற பெண்களும் நாலைந்து பிள்ளைகளும் டார்ச் விளக்கோடு நின்றார்கள். மெயின் ரோடு வரை ஆறு கிலோமீட்டர். அங்கே போனால்தான் வேறு பஸ்.

சித்தம்மா முன்னால் நடந்தார். புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடந்தது.

இரண்டாவது வளைவில் விளக்கு வெளிச்சம் ஏறி வந்தது. ஜீப்புகள். உச்சிக்குப் போய் உறைபனி பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள். ஹாரன் அடித்தார்கள். நடப்பவர்கள் ஓடையோரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒரு ஜீப் மட்டும் நின்றது. குரங்குக் குல்லா போட்ட ஒருவன் எட்டிப் பார்த்து, பெண்டாட்டியைச் சுமந்து நின்ற மாரப்பனை செல்போனில் படம் எடுத்தான். ஜீப் போய்விட்டது. அன்று மொத்தம் பதினோரு ஜீப்.

"ஜீப்பு மட்டும் போகலாமா?" என்று கேட்டார் திருமேனி.

"அது சின்ன வண்டியாம்ண்ணே," என்றாள் கேரட் கழுவுகிற தெய்வானை. "சின்ன வண்டிக்குப் பனி வழுக்காதாம்."

பெண்கள் சிரித்தார்கள்.

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கணும்னுதான் இருந்தோம். பழைய திருமேனி அண்ணன்னா அன்னிக்கே அந்த ஆபீசை ரெண்டு பண்ணியிருப்பாரு. இப்ப நீங்க சாமி மாதிரி ஆயிட்டீங்க. உங்க மனசை எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டோம்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அந்தக் குளிரிலும் திருமேனிக்கு முகம் எரிந்தது.

பன்னிரண்டாவது வளைவில் மாரப்பனின் கால் வழுக்கியது. முட்டி தாரில் உரசி ரத்தம் வந்தது. விழுந்தும் அவன் முதுகில் இருந்தவளை விடவில்லை.

"இறக்கி விடுய்யா," என்று அழுதாள் பூங்காவனம். "என்னால எல்லாருக்கும் சீரழிவு. நான் செத்தா சாகறேன்."

திருமேனி அவள் முன்னால் குனிந்தார்.

"என் முதுகுல ஏறு தாயி."

மிச்ச தூரமும் அவரே சுமந்தார். பிடரியில் அவள் மூச்சு இரைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு மூச்சும் அடுத்ததற்குப் போராடியது. இரண்டு வருடமாக அவர் பஸ்ஸில் போய் வந்தவள். அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏழரை மணி முறை. இவர்கள் போய்ச் சேர எட்டே முக்கால்.

"இன்னிக்கும் லேட்டா?" என்றாள் நர்ஸ். "திங்கக்கிழமையே பாதி நேரந்தான் கிடைச்சுது. மெஷினை வேற ஆளுக்குப் போட்டாச்சு. மத்தியானம் காலியானா பார்க்கலாம்."

பூங்காவனமும் மாரப்பனும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சித்தம்மா திருமேனியைப் பார்த்தார்.

"அந்த ஆபீஸ் எங்கே இருக்கு?"

உத்தரவு போட்ட போக்குவரத்து அதிகாரிக்குத் திருமேனியை அடையாளம் தெரிந்தது. எழுந்து கை கொடுத்தார்.

"வாங்க. உங்க ஒத்துழைப்புக்கு நன்றி. எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லை."

"காலையில அந்த ரோட்டுல பதினோரு ஜீப் போச்சு," என்றார் சித்தம்மா. "யார் விட்டது?"

"அம்மா, அது சின்ன வண்டி. உத்தரவு அதுக்குப் பொருந்தாது."

"பனியை வேடிக்கை பார்க்கப் போறவங்களுக்கு ரோடு வழுக்காது. ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு மட்டும் வழுக்கும். அப்படியா?"

"பாதுகாப்புக்காகத்தான் போட்ட உத்தரவு."

"யார் பாதுகாப்புக்கு?" சித்தம்மாவின் குரல் உயர்ந்தது. அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "பஸ் கவிழ்ந்தா உங்க பேர் கெடும். அவ வீட்டுக்குள்ள கிடந்து செத்தா உங்க பேர் கெடாது. அதானே உங்க பாதுகாப்பு? ஒரு நாளாவது விடியக் காலையில அங்கே வந்து நின்னு பார்த்தீங்களா?"

அதிகாரியின் முகம் சிவந்தது. ஃபைலைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

"ஆட்சேபணை உண்டான்னு முறையா கேட்டோம்மா. ஊர்ல ஒருத்தரும் வாய் திறக்கலை. இதோ பாருங்க, பஸ்காரரே கையெழுத்துப் போட்டிருக்கார். நான் இதுக்கு மேல என்ன பண்ணணும்?"

சித்தம்மா திரும்பித் திருமேனியைப் பார்த்தார்.

திருமேனி அந்தத் தாளைப் பார்த்தார். கையெழுத்து நடுங்காமல், புள்ளி பிசகாமல் இருந்தது. அவ்வளவு அழகாக அவர் வேறெங்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க," என்றார்.

இந்தத் தடவை எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

"என்ன எழுதறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆட்சேபணை."

"முதல்ல எழுதிக் குடுத்ததை மாத்த முடியாதுங்க."

"மாத்தலை. அது பொய்னு எழுதறேன்."

"சரி, குடுங்க. ஃபைல் மேல போகணும். பதினஞ்சு நாளாகும்."

திருமேனி இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றினார். அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது அவர் குரல்.

"பதினஞ்சு நாள் அவ தாங்க மாட்டா! நாளைக்கு ஆறு மணிக்கு நான் வண்டியை எடுக்கறேன். பன்னெண்டாவது வளைவுல நீங்க வந்து நில்லுங்க. டயர் ஒரு விரக்கடை வழுக்கினாலும் என் பெர்மிட்டை அங்கேயே கிழிச்சுப் போடுங்க. வழுக்கலைன்னா உங்க உத்தரவைக் கிழிங்க!"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார், மூடினார்.

"வர்றேன்," என்றார் கடைசியில்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பூங்காவனத்துக்கு மெஷின் கிடைத்தது. இரண்டு மணி நேரம்தான்.

மறுநாள் காலை அதிகாரி காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு பன்னிரண்டாவது வளைவில் நின்றார். தெய்வானையும் மற்றப் பெண்களும் நாலு மூட்டை சாம்பலைக் கொட்டிப் பரத்தியிருந்தார்கள். பஸ் நடை வேகத்தில் இறங்கியது. திரும்பியது. வளைவைத் தாண்டியது. அதிகாரி குனிந்து டயர் தடத்தைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி, அதிலேயே ஏறி, டவுன் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். இறங்கியதும் ஃபைலைத் தானே மேலதிகாரியிடம் கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் உத்தரவு ரத்தானது.

திங்கட்கிழமை மாலை திருமேனி குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மா, ஆறு வருஷமா கோபத்தைக் கவனின்னு சொன்னீங்க."

"ஆமா."

"அன்னிக்கு ஆபீஸ்ல நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சாம். பழையபடி ஆயிட்டேனோன்னு பயமா இருக்கு."

சித்தம்மா பீன்ஸ் முறத்தை அருகே இழுத்துக்கொண்டார்.

"நீங்களும்தான் கத்தினீங்க," என்றார் திருமேனி.

"கத்தினேன்."

"அந்தக் கோபம் எப்பம்மா போச்சு?"

"இன்னிக்கு பூங்காவனம் பஸ்ல ஏறினாளா?"

"ஏறினா. ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே விட்டேன்."

"அவ ஏறினப்பதான் அது இறங்குச்சு."