உடைக்காமல் விட்ட கை

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் வரை கோதண்டபாணி அதைத் தன் குருவிடம் காட்டவில்லை. மற்ற எல்லோரிடமும் காட்டியிருந்தார்.

நாட்டின் மேற்கு ஓரத்தில், ரயிலில் இரண்டு நாள் போய், அதற்கப்புறம் ஜீப்பில் அரை நாள் போனால் வரும் ஒரு பாலைவனம். ஊர் கிடையாது, கடை கிடையாது. தை மாதம் அங்கே நான்கு நாள் ஒரு கலை விழா. பல தேசங்களிலிருந்து சிற்பிகள் வருவார்கள். யாரும் எதையும் கொண்டுவரக் கூடாது. அங்கே கிடக்கிற மணலையும் லாரியில் வரும் தண்ணீரையும் வைத்து, பார்க்கிறவர்கள் சுற்றி நிற்க, அங்கேயே செய்ய வேண்டும். நான்காம் நாள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். செய்ததைக் காற்று எடுத்துக்கொள்ளும்.

உறையின் மேல் 'சிற்பி கோதண்டபாணி' என்று அச்சடித்திருந்தது.

முப்பத்துநான்கு வருஷம் அவர் டிராயிங் மாஸ்டர். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். கோதண்டபாணி சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போவார். பணி ஓய்வு விழாவில் சால்வை போர்த்தியவர்கூட அவரை டிரில் மாஸ்டர் என்று சொல்லிவிட்டு, யாரோ காதில் சொன்ன பிறகு திருத்திக்கொண்டார். சிற்பி என்று எந்தக் காகிதமும் அவரை அதுவரை கூப்பிட்டதில்லை. பாலைவனத்தில் காலையில் குளிரும் என்று கேள்விப்பட்டு, அவர் மனைவி பத்மாசனி அன்றைக்கே குரங்குக் குல்லாவைத் தேடி எடுத்து வெயிலில் போட்டாள்.

குரு தமயந்திக்கு நாற்பத்துநான்கு வயது. கோதண்டபாணியைவிடப் பதினேழு வயது சின்னவள். அவரிடமே படித்தவள். அருப்புக்கோட்டைக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக் கொட்டகையில் களிமண் சிற்பம் சொல்லிக்கொடுத்தாள். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவர் அங்கே போய் நின்றபோது, "வாங்க சார், உட்காருங்க" என்று ஒரு பலகையைக் காட்டினாள். அவ்வளவுதான் அனுமதி. மற்றவர்களைப் போல அவரும் அவளை அம்மா என்று கூப்பிட்டார். முதல் வாரம் அந்தச் சொல் தொண்டையில் சிக்கியது. பிறகு பழகிவிட்டது. மனசுக்குள் மட்டும் அவள் இன்னும் 'அவர்' ஆகவில்லை, 'அவள்'தான்.

புதிதாக யார் சேர்ந்தாலும் அவர் ஒரு தகவலைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளை ஓவியப் போட்டிக்கு அனுப்பியவர் அவர்தான். மாவட்டத்திலேயே முதல் பரிசு. "என் கை பட்ட பிள்ளை" என்பார். தமயந்தி அப்போது பக்கத்தில் இருந்தால் மண்ணைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

அந்தப் பட்டறையில் இருந்தது ஒரே சட்டம். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, ஈரத்துணி போர்த்துவதற்குத் தமயந்தி ஒவ்வொரு பலகையாகப் போவாள். போர்த்தும்போது ஏதாவது ஒரு பொம்மையில் அவள் விரல் பட்டு ஒரு இடம் சரியாகியிருக்கும். ஒரு கன்னம், ஒரு முழங்கால், அதற்கு மேல் இல்லை. மறுநாள் துணியை எடுக்கிறவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்த பிறகு உடைத்துவிட வேண்டும். உடைத்த இடத்தைத் தன் கையால் செய்ய வேண்டும். பக்கத்துப் பலகை நிலோஃபர் ஒரு காதைப் பதினோரு தடவை உடைத்தாள். கடைசி மூன்று தடவை அழுதுகொண்டே உடைத்தாள்.

ஆடி மாதம் கோதண்டபாணி ஒரு மனிதனைச் செய்தார். முழ உயரம். யாரோ பெரிய மனிதர் வீட்டு வாசலில், உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல், கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். தோள் வந்தது, கழுத்து வந்தது. செருப்பைப் பிடித்த கை மட்டும் வரவில்லை. விரல்கள் வெண்டைக்காய் மாதிரி நின்றன.

ஒரு நாள் காலையில் துணியை எடுத்தபோது இரண்டு விரல்கள் செருப்பு வாரில் கோத்திருந்தன. மற்ற விரல்கள் அதைத் தொடக் கூசியது போல விலகியிருந்தன. அந்தக் கையைப் பார்த்தாலே ஆள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறான் என்று தெரிந்தது.

அவர் அன்றைக்கு உடைக்கவில்லை. நாளைக்கு உடைக்கலாம் என்று வீட்டுக்குப் போனார். மறுநாள் விரல் நுனி வெளுத்துக் காய ஆரம்பித்திருந்தது. போனில் நாலு படம் எடுத்தார். பத்தாம் நாள் அந்த மனிதன் சூளைக்குப் போனான். சூளையில் அடுக்கியது தமயந்திதான். இரண்டு கையாலும் அவரிடமிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். படத்தை விழாக்காரர்களுக்கு அனுப்பினார்.

கடிதத்தின் மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'அந்த இரண்டு விரல்களை எங்கள் குழுவில் யாராலும் மறக்க முடியவில்லை. அதே மனிதனை எங்கள் மணலில் ஆள் உயரத்துக்குச் செய்து தருவீர்களா?'

பட்டறையில் தமயந்தி இல்லாத நேரம் எல்லோருக்கும் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அந்த விரல்களை மட்டும் விட்டுவிட்டு வாசித்தார். நிலோஃபர் அவரை நாலு நாளாக விடவில்லை. லாரித் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள், நம் ஊர் மாதிரி பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் ஒட்டகத்தைப் பிழிந்துதான் மண் குழைக்க வேண்டும் என்றாள். பிறகு குரலைத் தணித்து, குருவிடம் கேட்டாயிற்றா என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போன நேரம் பார்த்துக் கடிதத்தை நீட்டினார்.

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் கண் மூன்றாவது வரியில் நிற்கும் என்று அவர் காத்திருந்தார். நிற்கவில்லை. அதே வேகத்தில் கீழே போனது. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"போகலாமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதாம்மா."

"டிக்கெட்?"

கோதண்டபாணி சூளைப் பக்கம் பார்த்தார். "போட்டு வெச்சிருக்கேன். வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்."

அவள் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். அவரும் போனார். தளம் போட்டபோது கொத்தனார்கள் மிச்சம் வைத்த ஆற்று மணல் அங்கே குவிந்து கிடந்தது. ஒரு குடம் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றினாள்.

"ஆள் வேண்டாம் சார். கையை மட்டும் செய்யுங்க. செருப்போட."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மணிக்கட்டு வந்தது. உள்ளங்கை வந்தது. செருப்புகூட வந்தது. விரலுக்கு வரும்போது மணல் உதிர்ந்தது. நனைத்தார், அழுத்தினார், மறுபடி செய்தார். ஈரம் இருக்கிற வரைக்கும் வெண்டைக்காய், ஈரம் போனால் அதுவும் இல்லை. வெயில் கொட்டகையின் இந்தப் பக்கம் திரும்பியது. நிலோஃபர் டீ கொண்டு வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மணலைப் பார்த்ததும் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். டீயில் ஆடை கட்டியது.

தமயந்தி சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து பழைய துணிகளைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

"இது கரட்டு மணல். அங்க மாவு மாதிரி இருக்குமாம்" என்றார்.

"இருக்கும் சார்."

இன்னொரு தடவை விரல் உதிர்ந்தது. அவர் கையைத் தட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு ஏம்மா அதைச் சூளையில வெச்சீங்க?"

"நீங்க உடைப்பீங்கன்னு பத்து நாள் பார்த்தேன். உங்க கையிலிருந்து வாங்கும்போதுகூடப் பார்த்தேன்."

"அப்ப போக வேண்டாம்ங்கறீங்க."

அவள் ஒரு துணியைக் கிழித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை இருந்தது என்று, அதே குரலில், ஆரம்பித்தாள். போட்டிக்கு ஒரு மாட்டுச் சந்தையை வரைந்தது. தரகர் வந்தார், துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுகிற இரண்டு பேர் வந்தார்கள், மாடு வந்தது. மாட்டின் கால்கள் மட்டும் வரவில்லை. வாத்தியார் பென்சிலை வாங்கி, இரண்டு நிமிஷத்தில் நாலு காலையும் போட்டுக் கொடுத்தார். அழித்துவிட்டு நீயே போடு என்று அவர் சொல்லவில்லை. படத்துக்கு முதல் பரிசு. மாநிலப் போட்டிக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, பரிசு வாங்கிய படத்தையே எங்கள் முன்னால் இன்னொரு தடவை வரை என்றார்கள்.

கோதண்டபாணிக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. அந்த மாடு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முன்னங்கால் ஒன்றைச் சற்று மடக்கிப் போட்டிருந்தார். முப்பது வருஷமாக அதை நினைத்து அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

"எனக்கு மாடு வந்துச்சு சார். கால் வரலை. மூணு மணி நேரம். கடைசியில கால் இருக்க வேண்டிய இடத்துல புல்லை வரைஞ்சு மறைச்சேன். இடுப்பளவு புல்."

அவர் மணலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நடுவர் ஒருத்தர் அதை எடுத்துப் பார்த்து, சந்தையில ஏதும்மா இவ்வளவு புல்லுன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. படத்தைக் கைமாத்தி கைமாத்திப் பார்த்தாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்கலை. அவர் படத்தைப் பார்க்கலை. என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிஞ்சு போச்சு."

மடித்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் பென்சிலைத் தொடவில்லை என்றாள். களிமண்ணுக்கு வந்தது அதனால்தான் என்றும், மண்ணில் அழி ரப்பர் வேண்டாம், உடைத்தால் போதும் என்றும் சொன்னாள்.

"அன்னைக்கே நீ எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார். சொன்ன பிறகுதான் 'நீ' என்று வந்துவிட்டது தெரிந்தது. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கேட்டேன் சார். மதுரை ஸ்டேஷன்ல. நான் போகட்டுமா வேண்டாமான்னு உங்களைக் கேட்டேன்."

அவர் யோசித்தார். ஸ்டேஷன் நினைவுக்கு வந்தது. பயத்தில் அந்தப் பிள்ளையின் கை சில்லிட்டிருந்ததும், அதன் கையில் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் திணித்ததும் நினைவுக்கு வந்தன. கேள்வி வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"சிரிச்சீங்க. தைரியமாப் போ, அங்க யாருக்குத் தெரியப் போகுதுன்னீங்க."

மணலில் உள்ளங்கை மட்டும் மிச்சம் இருந்தது. ஓரம் காய்ந்து, சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டிருந்தது. உள்ளே நிலோஃபர் யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்டது. கோதண்டபாணி எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப் போயிருந்தது. தமயந்தி கையைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டு எழுந்தவர் அந்தக் கையை உடனே விடவில்லை.

"நாளைக்குள்ள பதில் போடணும்மா" என்றார். "நான் போகட்டுமா, வேண்டாமா?"

தமயந்தி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். ஒரு துணியை எடுத்து, அவர் விரல்களில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். பிறகு சிரித்தாள்.

"தைரியமாப் போங்க சார். அங்க யாருக்குத் தெரியப் போகுது."