படுகைக்காரன்

“சாமி, எங்கண்ணன் என் நிலத்தைத் திருடிட்டான்” என்றான் வைரக்கண்ணு.

ஆற்றங்கரைக் கொட்டகையில் சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவருக்கு வைரக்கண்ணுவைவிட வயது குறைவு. ஆனாலும் அவன் அவருடைய சீடன். அப்படி அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான்.

“எப்படித் திருடினாரு?”

“தென்கரையில என் வயலு. எதிரே வடகரையில அவனோடது. வெள்ளம் வர்றப்பல்லாம் ஆறு என் கரையை அரிக்குது, அவன் கரையில மேடு போடுது. என் வயலு பாதி போச்சு, அவனுக்கு அவ்வளவும் கூடிப்போச்சு. நாளைக்கு அவன் மகளுக்குக் கல்யாணம். பந்தல்ல நாலு பேரு முன்னாடி, என் மண்ணைக் குடுடான்னு கேக்கப்போறேன்.”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கித் திரிந்தவன் அவன்.

சாமியம்மா மூலையிலிருந்த உமிக்கூடையைக் காட்டினார்.

“இதை உன் கரையிலேருந்து ஆத்துல கொட்டு. உங்கண்ணன் கரையில ஒதுங்கினதும் வந்து சொல்லு.”

நிலத்தகராறுக்கும் உமிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் புரியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

பொழுது சாயும்போது வெறுங்கூடையோடு திரும்பி வந்தான். முழங்கால் வரை சேறு.

“ஒதுங்கிச்சா?”

“இல்ல சாமி. அக்கரைப் பக்கமே போகல. என் கரையோரமாவே கிழக்கால போயிடுச்சு. நானும் பின்னாடியே ஓடிப்பாத்தேன்.”

“அப்ப உன் மண்ணு?”

“அதுவும் கிழக்காலதான் போயிருக்கும்.” தலையைச் சொறிந்தான். “அப்படின்னா அண்ணன்கிட்ட இருக்கறது யாரு மண்ணு?”

“நீதான் சொல்லணும்.”

“மேக்கால எவனோ ஒருத்தனோடதா இருக்கும். அவன் கரையும் அரிச்சிருக்கும், பாவம். அவன் யாருகிட்டப் போய்க் கேப்பான்?”

சாமியம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

வைரக்கண்ணுவுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது. வரும்போது ஒரு திருடனாவது இருந்தான். இப்போது அவனையும் காணோம்.

“உன் வயலுக்கு ஊருல என்ன பேரு?”

“படுகை.”

“ஏன் அந்தப் பேரு?”

“எங்க பாட்டன் சின்னப் பையனா இருந்தப்ப அங்க வயலே கிடையாது சாமி, வெறும் ஆறுதான். அப்புறம் வெள்ளம் வண்டலைக் கொண்டாந்து போட்டுப் போட்டு...”

பாதியில் நிறுத்திவிட்டு ஆற்றைத் திரும்பிப் பார்த்தான்.

சாமியம்மா வெறுங்கூடையை எடுத்து மறுபடி அவன் கையிலேயே கொடுத்தார்.

“மேக்கால போயி, உங்க பாட்டன் ஆத்துக்கிட்ட வாங்கின மண்ணை உரியவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வா. அப்புறம் பந்தலுக்குப் போகலாம்.”