பரங்கிப்பூ பஜ்ஜி

தாளாளர் மாசிலாமணி புதுக் கார் வாங்கினார். அதற்கு ஷெட் போட ஊரில் வேறு இடமே இல்லாதது போல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வளர்த்த பரங்கித் தோட்டம்தான் அவர் கண்ணில் பட்டது.

"ஒண்ணரை மாசமா வெறும் பூ! பூவைத் திங்கவா முடியும்? வெள்ளிக்கிழமை வருவேன். இந்தக் கொடியிலிருந்து ஒரு வாய் திங்கக் குடுத்தா தோட்டம் இருக்கட்டும். இல்லேன்னா பொக்லைன்தான்" என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார்.

நாலே நாளில் காய் எப்படி வரும்? பிள்ளைகள் கண் கலங்கினார்கள்.

"அழுவாம அரிசி கழுவுன தண்ணியை ஊத்துங்க" என்றாள் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் பவுனம்மாள்.

வெள்ளிக்கிழமை தாளாளர் பொக்லைனோடேயே வந்தார். பெற்றோரும் கூடிவிட்டார்கள். பவுனம்மாள் சுடச்சுட பஜ்ஜித் தட்டை நீட்டினாள். ஐந்து பஜ்ஜி உள்ளே போனதும் தாளாளர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்மா! சரி, தோட்டத்துல விளைஞ்சது எங்கே?"

"அஞ்சு உங்க வயித்துல இருக்குதுங்கய்யா. மிச்சம் தட்டுல இருக்குது. திங்க முடியாதுன்னீங்களே, அந்தப் பூதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாளாளர் விடவில்லை. "பூவைப் பறிச்சாச்சே, இனி காய் ஏது?"

"ஆண் பூவுல பாதியைத்தான் சார் பறிச்சோம். பிஞ்சு வைக்கிற பூவைத் தொடவே இல்ல" என்றாள் ஐந்தாம் வகுப்பு மகிழ்மதி.

தாளாளர் பொக்லைன் டிரைவரைப் பார்த்தார். அவர் எப்போதோ எஞ்சினை அணைத்துவிட்டு, வாயில் பஜ்ஜியோடு பவுனம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அக்கா, இன்னும் ரெண்டு வைங்க."