வேங்கை மரத்தடிக் கொம்பு

ஒரு மலைக்காட்டில் கிழட்டு மிளாமான் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதன் கொம்புகள் தானாக விழும். பிறகு புதிதாக முளைக்கும். விழும் காலம் வந்தால் அது ஒரே வேங்கை மரத்தில்தான் வந்து தலையைத் தேய்க்கும்.

அந்த மரத்தடி வளையில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். விழுந்த கொம்புகளை இழுத்துப்போய்க் கொறிப்பாள். குட்டிக்குப் பால் கொடுக்கிற உடம்பு. அதைக் கொறித்தால்தான் அவளுக்குத் தெம்பு.

அந்த வருஷம் ஒரு கொம்புதான் கிடந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். இன்னொன்றைக் காணோம். அவளுக்கு வந்ததே கோபம்!

அந்தப் பக்கம் வந்த நரி கேட்டது. "என்ன தங்கச்சி, காலையிலேயே முள்ளைச் சிலுப்பிக்கிட்டு நிக்கிற?"

"அந்தக் கிழவர் ஒரு கொம்பை வேற எங்கேயோ போட்டுட்டார் அண்ணே. எவளுக்குக் கொடுத்தாரோ!"

நரியின் காது நிமிர்ந்தது. "அப்போ கொம்பு விழுந்துருச்சா? அடடா. குளம்புத் தடத்தைப் பிடிச்சுப் போனா நானே தேடித் தந்துடுவேன். இந்தப் பாறையில தடம் தெரிய மாட்டேங்குது. எந்த வழியா தண்ணிக்குப் போவார்?"

கோபத்தில் அவள் யோசிக்கவே இல்லை. "பாறை இடுக்கு வழியா, மடுவுக்கு. பொழுது சாயுற நேரம்."

நரி தேடிப்போனது கொம்பை அல்ல, செந்நாய்களை. "கிழட்டு மிளா கொம்பு விழுந்த மொட்டைத் தலையோட வருவான், பயப்படாம வாங்க. தின்னது போக மிச்சம் எனக்கு" என்றது.

சாயங்காலம் மிளா இடுக்கைத் தாண்டியதும் செந்நாய்கள் பாய்ந்தன. ஒன்று தொடையைக் கவ்வியது. மிளா தலையைச் சுழற்றி ஒரே குத்து! ஆம், இன்னொரு கொம்பு தலையில்தான் இருந்தது. குத்திய வேகத்தில் அது கழன்று மடுவுக்குள் விழுந்தது. மிளாவும் கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. நீந்தி வந்த நாய்களையெல்லாம் உதைத்துத் தள்ளியது.

உதைபட்ட செந்நாய்கள் நரியின் மேல் திரும்பின. "மொட்டைத் தலைன்னு சொன்னவன் நீதானே?"

"நான் என்ன செய்வேன்? முள்ளம்பன்றிதான் சொன்னா. வழி சொன்னதும் அவதான்" என்று கத்திக்கொண்டே நரி ஓடியது.

மிளாவின் காதில் அது விழுந்தது. மறுநாள் காலையில் நொண்டிக்கொண்டு வளை வாசலுக்கு வந்தது.

"வெளியே வாடி."

அவள் வந்தாள். வந்ததும் கேட்டாள், "ரெண்டாவது கொம்பை யாருக்குக் கொடுத்தீங்க பெரியப்பா?"

"என் தலையில இருந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல விழணும்னு எவன் சொன்னது? இப்போ மடுவுக்கு அடியில கிடக்கு. போய் முங்கி எடுத்துக்க."

அப்போதுதான் அவள் அதன் தொடையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். "கோபத்துல சொல்லிட்டேன் பெரியப்பா."

"இந்தக் காட்டுல தலை தேய்க்க வேற மரமா இல்ல? பிள்ளைக்காரி தேடி அலையக் கூடாதுன்னுதானே வருஷா வருஷம் உன் வாசலுக்கு வந்தேன்!"

சிலிர்த்திருந்த முள்ளெல்லாம் படிந்துபோயின. மிளா திரும்பிப் பார்க்காமல் அடுத்த மலைக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமும் அவள் குட்டியோடு மரத்தடியில் காத்திருந்தாள். வேங்கைப் பூதான் விழுந்தது.

கிடைக்காத ஒன்றுக்காகக் கோபப்பட்டு, கொடுக்கிறவரையே காட்டிக் கொடுத்தால், கிடைத்துக்கொண்டிருந்ததும் போய்விடும்.