நானூறு லைக் வாங்கிய பேச்சு

கோவில்பட்டியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் வாயில் ஒரு பேச்சு பிறந்தது.

எதிரே டி.வி.யில் தினமும் ஏழு மணிக்கு வரும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அமிர்தம் என்று ஒரு பெரியம்மா. மூன்று வருஷமாக ஊஞ்சலில் உட்கார்ந்து இருமுவதைத் தவிர அந்த அம்மாள் வேறொன்றும் செய்ததில்லை. செண்பகவல்லி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அவளுக்கு டைப் பண்ண வராது. போனை வாயருகே வைத்துச் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும்.

"இவ செத்தாத்தான் கதை நவுரும்," என்றாள். அடுத்த கொக்கியை எடுத்தாள். சொன்னதையும் மறந்துபோனாள்.

பேச்சு மறக்கவில்லை. பிறந்ததற்கு நாலு இடம் பார்க்க வேண்டாமா? தொடரின் கமெண்ட் வரிசையில் ஏறி, மறுநாள் காலை சென்னையில் டைரக்டருடைய போனில் போய் நின்றது. போன் ஒரு ஸ்டூலின் மேல் கிடந்தது. பேச்சு அங்கிருந்தே எட்டிப் பார்த்தது.

பார்த்ததும் வாயடைத்துப் போயிற்று. டி.வி.யில் அரண்மனையாகத் தெரிந்த அந்த வீட்டுக்கு மூன்றே சுவர். நாலாவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே அந்திப்பொழுதாக இருந்தது.

"நான்தான் இன்னிக்குச் சாயங்காலம்," என்றது ஜன்னலுக்கு வெளியே நின்ற விளக்கு. அதில் பெருமை எதுவும் இல்லை. வேலையைச் சொன்னது, அவ்வளவுதான்.

"சத்தம் போடாதே," என்று ஊஞ்சல் அதட்டியது. "நான் கிரீச்சிடக் கூடாதுன்னு காலையிலேருந்து ரெண்டு தடவை எண்ணெய் விட்டாங்க. மின்விசிறியைக்கூட நிறுத்திட்டாங்க."

"எதுக்கு இத்தனையும்?" என்று கேட்டது பேச்சு.

"அந்த அம்மா இருமப் போறாங்க."

அமிர்தமாக நடிக்கும் வேதவதி என்ற நடிகை வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மாள் இருமுவதற்காக. அவர் இருமினார். இரண்டு தடவை சின்னதாக, பிறகு ஒன்று ஆழத்திலிருந்து. பேச்சுக்கு மெய்சிலிர்த்தது. கோவில்பட்டியில் கொக்கி வைக்கிற நேரத்தில் இது வெறும் இருமலாகத்தான் கேட்டது.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்," என்று ஒரு குரல் கேட்டது. மூலையில் ஆணியில் தொங்கிய போட்டோ பிரேம். உள்ளே படம் இல்லை. மேலே சந்தன மாலை மட்டும் தயாராக இருந்தது. "போன வருஷம் உன் மாதிரி ஒண்ணு வந்தது. 'தாத்தா ரொம்ப போர்'னு மூணே வார்த்தை. அடுத்த வாரமே தாத்தா எனக்குள்ளே வந்துட்டார்."

பேச்சுக்குப் பகீரென்றது. "ஐயையோ, நான் சும்மா சொன்னது."

"அதுவும் சும்மா சொன்னதுதான்," என்றது பிரேம். "எனக்கு ஒண்ணும் ஆசை இல்லை. காலியா இருக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும்."

பேச்சு மற்ற கமெண்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தது. முடியவில்லை. நானூறு லைக் அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தியிருந்தது. டைரக்டர் போனை எடுத்து, அதை உரக்க வாசித்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் தலையைச் சொறிந்தார்.

வேதவதியின் காதிலும் அது விழுந்தது. அவர் கோபப்படுவார், அழுவார் என்று பேச்சு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்போ தம்பி?" என்று கேட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை எபிசோடும்மா."

அவர் கொஞ்ச நேரம் ஊஞ்சல் சங்கிலியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப இன்னையிலேருந்தே இருமலைக் கொஞ்சம் கூட்டிடறேன். திடீர்னு போயிட்டா, வீட்ல உக்காந்து பார்க்கிறவங்களுக்கு மனசு தாங்காது."

தன்னைப் பெற்றவளுக்காக இந்த அம்மாள் கவலைப்படுகிறார் என்று பேச்சுக்குப் புரிந்தது. அது வெட்கப்பட்டது ஐந்தே விநாடிதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிரமிப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அது செண்பகவல்லியின் போனுக்கே திரும்பி வந்து, கமெண்ட் வரிசையில் காத்திருந்தது. அமிர்தம் பெரியம்மா இருமினார். இரண்டு தடவை சின்னதாக. ஆழத்திலிருந்து வரவேண்டிய மூன்றாவது வரவில்லை. ஊஞ்சல் தானாக ஆடி, மெதுவாக நின்றது. திரை முழுக்க அந்த பிரேம், அதற்குள் சிரிக்கும் முகம்.

செண்பகவல்லியின் ஊசி பாதியில் நின்றது. ரவிக்கைத் துணியாலேயே கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து வாயருகே வைத்தாள்.

"எந்தப் படுபாவி இவளச் சாவச் சொன்னது?"

புதிதாகப் பிறந்த அந்தப் பேச்சு ஆத்திரத்தோடு கமெண்ட் வரிசையில் ஏறியது. அங்கே ஏற்கெனவே நின்ற ஒன்றைப் பார்த்து, "நீ யாரு?" என்று அதட்டியது.

பழைய பேச்சு சற்று நகர்ந்து இடம் விட்டது.

"உக்காரு தங்கச்சி. நாம ரெண்டு பேரும் ஒரே வாயில பொறந்தவங்க."